தொழில் என்ற கட்டம்

1

நாலு வருஷங்களாகக் கப்பல் தபால் இல்லை. போன வாரம்தான் வந்தது. மலாக்காவில் காஜா பேராங்கில் எங்கள் வரிசை வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், முத்தையா அண்ணனின் மூத்த அண்ணன் என் பேருக்கே கடிதம் எழுதியிருந்தார். தம்பி பெண்டாட்டி பாக்கியம் சுகமா, மகள் செல்லம் தமிழ் படிக்கிறாளா என்று விசாரித்துவிட்டு, கடைசியில் இப்படி எழுதியிருந்தார்:

"முத்தையா தானாகவே பேர் கொடுத்து சப்பான்காரனோடு சயாமுக்குப் போய்விட்டதாகக் கப்பலில் திரும்பிய ஒருவர் இங்கே சந்தையில் சொல்லியிருக்கிறார். ஊர் முழுக்க அதே பேச்சு. பெண்டாட்டி பிள்ளையைப் பட்டினியில் விட்டுவிட்டு அவன் ஏன் போனான் என்று நீயாவது உண்மையை எழுது."

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருக்கிற எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் பலர் இந்தப் பத்திரிகையை வாங்குகிறார்கள். வாங்காதவர்களுக்கு யாராவது படித்துச் சொல்வார்கள். அதனால் அந்தப் பேச்சைக் கேட்ட எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். முத்தையா பேர் கொடுக்கவில்லை. அவர் பேர் எப்படிப் போனது என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல, இங்கே எங்கள் பிழைப்பு எப்படி நடந்தது என்பதையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

2

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். எட்டாவது தேறியவுடன் மலாயாவில் கிராணி வேலை கிடைக்கும் என்று கப்பலேறினேன். இங்கே தோட்டத்து எழுத்தர்களைக் கிராணி என்றுதான் சொல்வார்கள். வந்த பிறகு கிடைத்தது லாரிப் பட்டறை. கோட் போட்ட கிராணியாக வருவேன் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். நான் சக்கரத்துக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். பட்டறையில் எல்லோரும் என்னைக் கேலியாகக் கிராணி என்றே கூப்பிட்டார்கள்.

முத்தையா அங்கே லாரி டிரைவர். ஒரே தாலுகாக்காரன் என்பதால் தன் வீட்டில் ஒரு மூலையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார். பாக்கியம் அண்ணி கையால்தான் ஆறு வருஷமாகச் சாப்பிட்டேன்.

ஜப்பானியர் வந்த முதல் மாதமே எங்கள் சீனத் தவுக்கேயைக் கூட்டிக்கொண்டு போனார்கள். முதலாளி போனவர் போனவர்தான். பட்டறை ராணுவத்துக்குப் போனது. பெட்ரோல் நின்றது. எண்ணெய் டிரம்மை வெட்டி அடுப்பாக்கி லாரியில் ஒட்டவைத்து, அதன் கரிப் புகையில் ஓட்டினோம். ஆயர் குரோ பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் மரத்தை எரித்துக் கரி வரும். கால் மணி நேரம் விசிறினால்தான் இஞ்சின் ஒரு தும்மல் தும்மும். மேடு வந்தால் மூட்டைமேல் இருப்பவர்கள் எல்லோரும் இறங்கித் தள்ளவேண்டும். இஞ்சினுக்குத் தேங்காய் எண்ணெய். லாரி போகும் இடமெல்லாம் பலகாரம் சுடுகிற வாசனை அடிக்கும், தெருவில் பசியோடு நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். டியூப் கிழிந்த டயருக்குள் லாலாங் புல்லைத் திணித்தோம்.

எனக்கு வாய்த்தது பிரேக் வேலை. பிரேக்குக்கு ஊற்றுகிற எண்ணெய் தீர்ந்தபோது தேங்காய் எண்ணெய் ஊற்றிப் பார்த்தோம், உள்ளே இருக்கிற ரப்பர் ஊதிப்போய் சக்கரம் பிடித்துக்கொண்டது. பிறகு விளக்கெண்ணெயில் சம்சுச் சாராயத்தைக் கலந்து நானே ஒரு பக்குவம் கண்டுபிடித்தேன். பட்டறையில் அதற்குப் பிறகு பிரேக் என்றால் நான்தான்.

வெல்டிங் பார்க்கிற காதர் பாய் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. பிரேக் பார்த்தவன் அந்த லாரியின் முதல் ஓட்டத்தில் டிரைவர் பக்கத்தில் உட்கார வேண்டும். புக்கிட் சீனா குன்று ஓரமாக இறங்குகிற ரோட்டில் விட்டுப் பார்ப்போம். கைவைத்த வேலைக்குத் தன் உயிரையும் சேர்த்துப் பொறுப்பு வைக்கவேண்டும் என்பது அவர் கணக்கு.

முதல் தடவை நான் ஏறி உட்கார்ந்தபோது முத்தையா கேட்டார்: "என்னா கிராணி, சாமி கும்பிட்டியா?"

"எதுக்குண்ணே?"

"பிரேக்க நீதானே பாத்த? நான் கும்பிட்டுட்டுத்தான் ஏறுனேன்."

வெளியே நின்ற காதர் பாய், "அவன் எழுத்தால பிரேக் பிடிப்பான், நீ போ முத்தையா" என்றார்.

3

இரண்டாம் வருஷம் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை வேண்டும் என்று உத்தரவு வந்தது. பேர், வயது, தொழில், எத்தனை வருஷப் பழக்கம். தேதி எழுதுகிற இடத்தில் அவர்கள் கணக்குப்படி 2603 என்று வருஷம் போடவேண்டும். பட்டறையில் இருந்த பதினேழு பேருக்கும் அட்டை எழுதியது நான். அவர்கள் எழுத்தில் பேரை எழுதவும் பதினைந்து நாளில் பழகிக்கொண்டேன். அந்த நாட்களில் யாரும் என்னைக் கேலியாகக் கிராணி என்று கூப்பிடவில்லை. உண்மையிலேயே கூப்பிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அட்டையைப் பார்த்துத்தான் அரிசி. டிரைவருக்கும் எழுத்தருக்கும் ஒரே அளவு. மெக்கானிக்குக்கு அதைப்போல ஒன்றரை மடங்கு.

அப்போது வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான் மூன்று வேளையும். செல்லத்துக்கு ஆறு வயது. காலில் புண் வந்து ஆறாமல் இருந்தது, முகம் ஊதியிருந்தது. ஒரு சாயங்காலம் அண்ணி பால் டின்னால் அரிசியை அளந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"தம்பி, ஊருக்கெல்லாம் எழுதுற. உன் எழுத்துல ஒரு கை அரிசி கூட வர்ற மாதிரி ஏதும் இல்லியா?"

முத்தையா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே சொன்னார்: "எனக்கு டிரைவர்னு மட்டும் போடு. தெரியாததத் தெரியும்னு எழுதாத. கேட்டானுவோன்னா செஞ்சு காட்டணும்."

"சரிண்ணே" என்றேன்.

மறுநாள் அவர் அட்டையில், தொழில் என்ற கட்டத்தில், 'டிரைவர், மெக்கானிக், பிரேக் வேலை தெரிந்தவர்' என்று எழுதினேன். பிரேக் வேலை என்னுடையது. என் கையில் இருந்ததை எடுத்து அவர் அட்டையில் வைத்தேன்.

என் அட்டையில் 'எழுத்தர்' என்று எழுதினேன்.

இதைத்தான் நான் பல நாள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். என்னை மெக்கானிக் என்று எழுதியிருந்தால் அது உண்மை. அதே அரிசி அதே பானைக்கு வந்திருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் அரசாங்கக் காகிதம் ஒன்றில் தன் தொழிலை எழுதுகிறான், அதில் பட்டறை வேலை என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. அப்பாவுக்கு அது தெரியப்போவதுகூட இல்லை. கடிதமே போகாத காலம்.

அடுத்த மாதம் அரிசி கூட வந்தது. "டிரைவருங்களுக்கு ஏத்திட்டானுவோ போல" என்றார் முத்தையா. அண்ணி டின்னை நிரப்பினார், மறுபடி நிரப்பினார், மூன்றாவது முறை பாதி வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. செல்லத்தின் கால் புண் இரண்டு மாதத்தில் ஆறியது.

4

மலாக்காவிலிருந்து டம்பினுக்கு ஒரு ரயில் பாதை இருந்தது. அதை இப்போது ஊரிலிருந்து வருகிறவர்கள் தேடினால் கிடைக்காது. ஜப்பானியர் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமில் போடுகிற புதுப் பாதைக்குக் கொண்டுபோனார்கள். பெயர்த்தவர்கள் நம் ஆட்கள், ஏற்றியது எங்கள் லாரிகள். ஆளுக்கு ஆள் தோளில் துணி மடித்துப் போட்டுக்கொண்டு ஒரு தண்டவாளத்துக்கு எட்டுப் பேராக நின்று தூக்குவார்கள். ஒருவன் குனிந்தால் மற்ற ஏழு பேர் முதுகும் முறியும். ஊருக்குள் வந்த பாதை, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக எங்களைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது.

பாதை முக்கால்வாசி போன பிறகு ஆட்களையும் கேட்டார்கள். எங்கள் பட்டறையிலிருந்து லாரிகளோடு இரண்டு மெக்கானிக். அட்டைகளைப் பார்த்து எடுத்த பேர்கள்: தேவராஜா, முத்தையா.

தேவராஜா, பல நூறு வருஷத்துக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ் வியாபாரிகளின் வழிவந்த சிட்டிக் குடும்பம். திருநீறு பூசுவான், மாரியம்மன் கோவிலில் தீ மிதிப்பான், தமிழ் மட்டும் வராது. வீட்டுப் பேச்சு மலாய். அவன் உண்மையிலேயே மெக்கானிக்.

பேர்ப் பட்டியலைப் பட்டறையில் வாசித்தவனும் நான்தான். முத்தையா சிரித்தார். "என்னையா? லிஸ்ட்ட எந்த மடையன் எழுதுனான்? போய்க் கேட்டுட்டு வா தம்பி, உனக்குத்தான் அங்க பேசத் தெரியும்" என்றார்.

பண்டார் ஹிலிரில் கடலைப் பார்த்த ஒரு கட்டடத்தில் அலுவலகம். வாசலில் காவல்காரனுக்கு இடுப்பு வளைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனேன். மொழிபெயர்த்துச் சொல்கிற துபாஷி பினாங்குத் தமிழர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவருக்கும் சட்டைக் காலர் கிழிந்திருந்தது.

"முத்தையாவுக்கு மெக்கானிக் வேலை தெரியாது ஐயா. டிரைவர் மட்டும்தான்."

"கார்டுல அப்படி இல்லியே."

"தப்பா எழுதிட்டாங்க."

"யாரு?"

அவர் அட்டைக் கட்டிலிருந்து நாலைந்து அட்டையை உருவி மேசைமேல் பரப்பினார். எல்லாம் ஒரே கையெழுத்து. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சரி, அது போவட்டும். பொய் எழுதுனது யாருன்னு உள்ள இருக்கற சப்பான்காரன் கேட்டா கழுத்து போயிரும், எனக்கும் சேத்து. நான் கேக்கல. ஆனா ரெண்டு ஆளு போயாகணும். உங்க பட்டறை லாரியெல்லாம் பிரேக் பிடிச்சுத்தான நிக்குது? முத்தையா பாக்கலன்னா யாரு பாக்குறது? அந்தப் பேரச் சொல்லு, அடிச்சிட்டு இத எழுதிக்கறேன்."

பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். சுவரில் தோக்கியோ நேரம் காட்டுகிற கடிகாரம். என் நகங்களில் கறுப்பு அப்பியிருந்தது, பிரேக் வேலை செய்பவன் கையில் அது போகவே போகாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"தெரியல ஐயா."

"நீ என்னா வேல?"

"கிளார்க்குங்க."

அவர் பேனாவை மூடினார். "அப்ப போய்ட்டு வாங்க" என்றார். உள்ளே வரும்போது எனக்குக் கிடைக்காத மரியாதை, போகும்போது கிடைத்தது.

பட்டறைக்கு வந்து, "மாத்த முடியாதாம்ணே" என்றேன். அது பொய். மாற்றியிருக்கலாம்.

5

முத்தையா ஓட்டிக்கொண்டு போகவேண்டிய லாரிக்குப் பிரேக் பார்த்தது நான். பெயர்க்காமல் விட்ட பெரிய பாதை டம்பின் வழியாகப் போகிறது, அங்கே அதை ரயிலில் ஏற்றுவார்கள். இருபது மைலுக்கு மேல். காதர் பாய் சட்டப்படி நான் பக்கத்தில் உட்காரவேண்டும். அன்று நான் பின்வாங்கி நின்றேன்.

"என்னா, இன்னைக்கு ஏற மாட்டியா? அவ்ளோ மோசமாவா பாத்து வச்சிருக்க?" என்றார் காதர் பாய். ஏறினேன்.

அண்ணியும் செல்லமும் ரோட்டோரம் நின்றார்கள். போகிறவர்கள் மூன்று மாதத்தில் திரும்பிவிடுவார்கள் என்று ஜப்பானியர் சொல்லியிருந்தார்கள். செல்லம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி இடுப்பு வளைத்துக் கும்பிட்டாள். "அப்பனப் பாத்து எதுக்கு வளையிற, நான் என்னா சப்பான்காரனா?" என்று முத்தையா அவள் தலையைத் தட்டினார்.

அலோர் காஜாவைத் தாண்டியதும் முத்தையா சொன்னார்:

"தம்பி, அங்க போனதும் பிரேக்கப் பாருன்னு நிக்க வப்பானுவோ. தெரியலன்னா அடிப்பானுவோ. தேவராஜா எத்தினி தடவ காப்பாத்துவான்? டம்பின் போறதுக்குள்ள நீ சொல்லிக் குடு."

சொல்லிக் கொடுத்தேன். மாஸ்டர் சிலிண்டர் எங்கே இருக்கிறது, எப்படிப் பிரிப்பது, விளக்கெண்ணெய் எவ்வளவு, சம்சு எவ்வளவு. பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும்போது தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே மனப்பாடம் செய்தார்.

"பின்னால இடது. பின்னால வலது. முன்னால இடது. முன்னால வலது. சரியா?"

"சரிண்ணே."

"குமிழி நிக்கறவரைக்கும் மிதிக்கணும்."

"ஆமாண்ணே."

"ஆபீசுல என் பேர எந்தப் பாவி எழுதுனானோ, அவனுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்குமான்னு பாரு."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். ஒரு மேடு வந்தது, இறங்கித் தள்ளவேண்டியிருந்தது. ஏறியபோது அவர் மறுபடி "பின்னால இடது" என்று ஆரம்பித்திருந்தார். டம்பின் ஸ்டேஷனில் லாரியைச் சறுக்குப் பலகையில் ஏற்றி நிறுத்தினார். வழுக்கவில்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "பரவால்ல கிராணி, நல்லாத்தான் பிடிக்குது" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

6

மூன்று மாதம் ஒன்றரை வருஷமானது. நான் அந்த வீட்டிலேயே இருந்தேன், பிரேக் பார்த்தேன், என் எழுத்தர் அரிசியை அண்ணியிடம் கொடுத்தேன். செல்லம் ஜப்பானிய மொழியில் நூறு வரை எண்ணினாள், காலையில் கிழக்கே பார்த்து வணங்கினாள், தெருவில் சிட்டிப் பிள்ளைகளோடு மலாய் பேசினாள். வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அந்த எண்ணெல்லாம் வேண்டாம் என்றார்கள். அவளைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தோம். அ எழுதச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு, "சூசா லா சித்தப்பா" என்கிறாள். கஷ்டமாம். பெரியப்பா கேட்ட கேள்விக்கு என் பதில், இன்னும் படிக்கவில்லை என்பதுதான்.

போர் முடிந்த சில மாதங்களில் தேவராஜா திரும்பி வந்தான். அவனா என்று அவன் தாயே சந்தேகப்பட்டாள். அவனைப் பார்க்க அண்ணியோடு போனேன். அவன் மலாயில் சொன்னது அண்ணிக்கும் புரியும், ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என் முகத்தைப் பார்த்தார், நான் வேறு மாதிரிச் சொல்லிவிடமாட்டேனா என்பதுபோல.

முத்தையாவுக்கு முதலில் அடி விழுந்ததாம். பிறகு கற்றுக்கொண்டாராம், நன்றாகவே பிரேக் பார்த்தாராம். மழைக்காலத்தில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். நோயாளிகளைப் போடுகிற கொட்டகையில் அவரை விட்டுவிட்டு, மற்றவர்களை அடுத்த முகாமுக்கு நடத்திக்கொண்டு போனார்களாம்.

"செத்துட்டாரா?" என்று அண்ணி மலாயில் கேட்டார்.

"நான் பாக்கும்போது இன்னும் சாகல அக்கா" என்றான். அதற்குமேல் அவனுக்குத் தெரியவில்லை.

அண்ணி இன்னும் தாலியோடுதான் இருக்கிறார். கோவிலுக்குப் போனால் ஒரு ஓரமாக நிற்கிறார், சுமங்கலிகள் வரிசையிலும் சேர்வதில்லை, மற்றவர்களோடும் சேர்வதில்லை.

போன வாரம் வந்த கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். 'தானாகவே பேர் கொடுத்து' என்ற இடத்தை விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. விடவில்லை. கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"பதில் எழுதணும்" என்றார்.

"அண்ணி, அதுக்கு முன்ன நான் ஒண்ணு சொல்லணும். அண்ணன் கார்டுல மெக்கானிக்னு எழுதுனது நான்தான்."

"தெரியும்."

"எப்படி?"

"அரிசி கூட வந்துச்சே, அன்னைக்கே தெரியும். கேக்கல. கேட்டா நீ திருத்திடுவன்னு கேக்கல." கத்தியைக் கீழே வைத்தார். "ரெண்டு வருஷமா அவர நான் மட்டும்தான் அனுப்பினேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். நீயும் அதேதான் நெனச்சியா?"

"ஆமா அண்ணி."

அவர் அழுதார். எனக்கும் கண் நிறைந்தது, மனசில் இருந்த பாரத்தில் பாதியை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஊருக்கு உண்மையை எழுதவேண்டும் என்றால் இந்த வீட்டில் முதலில் முழுதாகச் சொல்லவேண்டும். துபாஷி கேட்டதையும், பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்ததையும், என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டதையும் சொன்னேன்.

"உன் பேரச் சொல்லியிருந்தா அவரு போயிருக்க மாட்டாரு?"

"மாட்டாரு."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மிச்சமிருந்த கிழங்கை ஒவ்வொன்றாக உரித்து, கழுவி, அடுப்பில் ஏற்றினார். அந்த நேரம் முழுக்க நான் தாளோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"எழுது. அவரு பேர் குடுக்கல. நாங்க குடுத்தோம். அவ்வளவுதான்."

எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். கட்டைவிரலில் மையைத் தடவி அந்த வரிக்குக் கீழே அழுத்தினார். மிச்ச மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார்.

"ஒட்டிப் போட்டுடு" என்றார். எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனவர், திரும்பாமலே சொன்னார்:

"இந்த மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பாத்துக்க, தம்பி."